நிமிஷத்தில் பத்து நொடி

“முதல்ல அவருக்குத் தண்ணி குடும்மா. என் மிஷினை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் போனில் இருந்த பெரியவர்.

அவளுக்குப் புரியவில்லை. “யாருக்கு சார்?”

“உன் பக்கத்துல இருமிக்கிட்டே இருக்காரே, அவருக்குத்தான். வயசானவர் போல, பாவம்.”

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மதியம் மூன்று மணி. ஜன்னல் வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் முனகியது. அடுத்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலும், தலைமாட்டில் சுருட்டி வைத்த மெத்தையும் தெரிந்தன. அந்த மெத்தையில் படுத்திருந்தவர் போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது.

“வீட்ல யாரும் இல்ல சார். லைன்ல ஏதோ கோளாறு.”

“அப்படியா?” என்றார் அவர், கொஞ்சமும் நம்பாமல். “சரி, அந்தக் கோளாறுக்குத் தண்ணி குடு.”

துணி துவைக்கும் மிஷின் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தபடியே கேட்டுப் பதிவு செய்வது அவள் வேலை. பகல் பன்னிரண்டிலிருந்து எட்டு மணி வரை. தண்ணீர் ஒழுகுகிறது, டிரம் சுற்றவில்லை, உள்ளே போன சட்டை பாதியாக வெளியே வந்தது என்று நாளைக்கு எழுபது பேர் கத்துவார்கள். எழுபது பேருக்கும் ஒரே குழைவான குரலில் பதில் சொல்ல வேண்டும். பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. குக்கர், குழந்தை, தெரு நாய், எதுவும். மூன்று முறை கேட்டால் வேலை போய்விடும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருஷம் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் எண்ணெய்க் கையோடு தொங்கியவர். வீட்டில் யார் எதை உடைத்தாலும் தான்தான் உடைத்தேன் என்பார். அம்மாவின் ரேடியோவை அவள் கீழே போட்டு நொறுக்கிய அன்று, அம்மா எதுவும் கேட்பதற்குள், “என் கைதான் தவறிடுச்சு” என்று முன்னால் வந்து நின்றார். அப்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார்; தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் ரேடியோ மறந்தே போயிற்று.

அவளை அவர் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார். தம்பி அவருக்குச் சுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய இதயம் தளர்ந்துபோனது. நாலு படி ஏறினால் மூச்சிரைத்தது. பொழுது சாய்ந்தால் கால்கள் தலையணை மாதிரி வீங்கின. மாத்திரைகள் ஓரளவுக்கு மேல் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கருவி வைத்தார்கள். வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் தட்டையாக ஒரு வில்லை. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கழுத்துக்கு ஏறி, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

“தளர்ந்துபோன இதயம் பயந்து பயந்து ஓடும் ஐயா. இந்த நரம்புதான் அதுக்கு பிரேக். இதை நாம லேசாத் தட்டிக்கொடுத்தா, மெதுவாப் போன்னு இதயத்துக்குச் சொல்லும்” என்றான் கிளினிக்கின் டெக்னீசியன்.

அப்பாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. “லிஃப்ட்டுக்கும் அதேதான்ப்பா. தூக்கறது ஒரு வேலையா? நிறுத்தறதுதான் வேலை” என்றார்.

நிமிஷத்துக்குப் பத்து நொடி அந்த வில்லை நரம்பைத் தட்டும். ஐம்பது நொடி சும்மா இருக்கும். அந்த நரம்பின் ஒரு கிளை குரல்வளைக்கும் போவதால், பத்து நொடியும் அவர் குரல் கரகரத்து உடைந்துவிடும், கூடவே இருமல். “தொண்டையில ஒரு தவளை நிமிஷத்துக்கு ஒருதடவை உக்காந்து எழுந்துக்குது மேனேஜர்” என்பார். ஆனால் மூன்றே மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. தெருமுனை வரை நடந்து போய், திரும்பி வந்து, போனதை ஒரு மணி நேரம் கதையாகச் சொன்னார்.

அப்போதுதான் கம்பெனி அலுவலகத்தை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் அவளும் எழுபது பேரும். முதல் வாரத்திலேயே இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன.

டெக்னீசியன் ஒரு காந்தம் கொடுத்திருந்தான். பிஸ்கட் அளவு. அதை வில்லைக்கு மேலே வைத்தால், எடுக்கும் வரை கருவி ஓயும். எங்கேயாவது நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருந்தால், அந்த மாதிரி அவசரத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தான். முதல் நாள் சூப்பர்வைசரின் சோதனை அழைப்புக்காகப் பத்து நிமிஷம் வைத்தாள். மறுநாள் ஒரு மணி நேரம். பிறகு காயத்துக்கு ஒட்டும் டேப்பால் நெஞ்சோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். பன்னிரண்டிலிருந்து எட்டு வரை. ஐம்பத்துமூன்று நாள்.

கால் மறுபடி வீங்கியது. கிளினிக்கில் டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்பா வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

கடைசி நாள் மட்டும், “இன்னிக்கு வேண்டாம் மேனேஜர். மூச்சு ஒரு மாதிரி இருக்கு” என்றார்.

“மாசக்கடைசிப்பா. எட்டு மணிக்கு எடுத்துடறேன்.”

அவரேதான் சட்டைப் பட்டனைக் கழற்றினார். டேப் ஒட்ட வசதியாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காக அவள் சந்தோஷப்பட்டாள். எட்டு மணிக்கு உள்ளே போனபோது அவர் கை போனைப் பிடித்தபடி சில்லிட்டிருந்தது. நாலு மணிக்கு மேல் தம்பிக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். தம்பி கப்பலின் இஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன், எடுக்கவில்லை. ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் மகள் இருக்க, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவனைக் கூப்பிட்டிருக்கிறார். குரல் கொடுத்தால் அவளுடைய போனில் கேட்டுவிடுமே.

யாரையும் கூப்பிடும் முன்பு அவள் டேப்பைப் பிய்த்தாள். தோலில் செவ்வகமாக வெளுத்த தடம் விழுந்திருந்தது. காந்தத்தை மூன்று தெரு தள்ளிப் போய்க் குப்பையில் எறிந்தாள்.

உடலை எரிக்கும் முன்பு கிளினிக்கில் வில்லையை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். நெருப்பில் பேட்டரி வெடிக்குமாம். “சிலருக்கு இந்த சிகிச்சை எடுபடறதில்ல” என்றார் டாக்டர். தம்பி வந்து அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். “நீ இல்லன்னா அவர் எப்பவோ போயிருப்பார்க்கா” என்றான். அதற்கு அவள் தலையாட்டினாள்.

போனில் பெரியவர் இருமலைப் பற்றிச் சொன்ன நாலாம் நாள், சூப்பர்வைசர் கூப்பிட்டான்.

“துக்க வீடுன்னு நானும் பொறுத்துக்கிட்டேன். ஆனா யாரும்மா அது? ஒரு ரெக்கார்டிங் அனுப்பியிருக்கேன், கேட்டுப் பாரு.”

கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: தன்னுடைய குழைவான குரல், அதற்கு அடியில் விசிறியின் முனகல், அதற்கும் அடியில், ஈரத் துணியை யாரோ மெதுவாக முறுக்குவது போல, நீர் கோத்த நெஞ்சிலிருந்து இழுத்து இழுத்து வரும் மூச்சு. நாற்பதாவது நொடியில் இருமல். சரியாகப் பத்து நொடி. பிறகு மூச்சு மட்டும். அடுத்த நிமிஷத்தின் நாற்பதாவது நொடியில் மறுபடியும். மூன்றாவது முறை வெறும் இருமலாக இல்லை. பதிவில் ஒருவர், “ஆள் எப்ப வருவாங்க?” என்று கேட்கிறார். “நாளைக்குள்ள வந்துடுவாங்க சார்” என்று அவள் சொல்கிறாள். அவள் குரலோடு ஒட்டிக்கொண்டே, கரகரத்து உடைந்த இன்னொரு குரலும் பதில் சொல்கிறது.

“எட்டு மணிக்கு எடுத்துடறேன்.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அறையில் அப்பாவின் தைல வாசனை அடித்தது. கூடவே இயந்திர எண்ணெய் வாசனையும். தடுப்புக் கதவை இழுத்துச் சாத்தி நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். பட்டப்பகல். வெளியே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்; பக்கெட்டின் சத்தம்கூடக் கேட்டது.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கழுத்தின் வலப்பக்கம் சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரி, ஆனால் தோலுக்கு அடியில். தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எச்சிலைத் துப்பிவிட்டு, சும்மா, சோதனைக்கு, ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணினாள். ஏழு எண்ணும்வரை அவள் குரல்தான். எட்டு என்று வந்தது அவள் குரல் இல்லை. ஒன்பதும் இல்லை. பத்து நொடி. பிறகு தொண்டை விட்டது.

ஒரு டாக்டரிடம் போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வேலையில் ரொம்பப் பேசுகிறீர்கள், வெந்நீர் குடியுங்கள் என்றார். இரண்டு நாள் லீவு போட்டுக் குரலை மூடிவைத்தாள். வாயை மூடினாலும் அது நின்றபாடில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை தொண்டைக்குள் ஏதோ எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். அப்பாவின் துணிகளையும் கருவிப் பெட்டியையும் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருக்க, அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்படியும் இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அவன் அடிக்கட்டும், காறித் துப்பட்டும், போலீசுக்கே போகட்டும். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும்.

அப்போது அவள் போன் அடித்தது. கிளினிக் டெக்னீசியன். அவள் தயங்குவதைப் பார்த்துத் தம்பியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், ஐயாவோட வில்லையைத் திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி மெமரியைப் படிச்சுப் பாத்தேன். ஒரு விஷயம் கேக்கணும். தினமும் பன்னிரண்டு மணிக்குக் காந்தம் வெச்சு எட்டு மணிக்கு எடுத்திருக்காங்க. ஐம்பத்துமூணு நாள். அத்தனை நேரமும் சிகிச்சையே நடக்கல. அதை யாரு வெச்சா?”

தம்பி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தான்.

“இன்னொண்ணும் இருக்கு. வில்லை என் டிராயர்லதான் கிடக்கு. கம்பியை வெட்டியாச்சு. அப்படிக் கிடந்தா, நரம்பு மாட்டலன்னு எச்சரிக்கை காட்டணும். காட்டல சார். மாட்டியிருக்குன்னு காட்டுது, இன்னும் தட்டிக்கிட்டே இருக்கு. எனக்கே புரியல.”

“அக்கா?” என்றான் தம்பி. “காந்தம்னா என்னக்கா?”

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான்தான்…”

கழுத்தில் சுருக்கென்றது.

வாய் திறந்தபடியே நின்றது. நாக்கு அவளைக் கேட்காமல் புரண்டது.

“நானேதான் வெச்சுக்கிட்டேன்ப்பா. பொண்ணைக் கேக்காதே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

பிறகு இருமல். விசிறியின் முனகல்.

போனில் டெக்னீசியன் மெல்ல, “ஐயா?” என்றான்.

தம்பி எழுந்துவிட்டான். “என்னக்கா இது? அப்பா மாதிரி பேசிக் காட்ற நேரமா?”

“நான் பேசல. சுண்டு, சீக்கிரம் கேளு, எனக்கு நேரம் இல்ல.” வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. “காந்தத்தை நான்தான் வெச்சேன். அவர் இருமல் போன்ல கேக்கக்கூடாதுன்னு டேப் போட்டு ஒட்டினேன். கடைசி நாள் வேண்டாம்னு சொன்னார். சொல்லியும் ஒட்டினேன். நான்தான்டா கொன்னேன்.”

அவன் முகம் மாறியது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு அடி பின்னால் போனான். அவளை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தான். நம்பிவிட்டான். இருபத்தொன்பது நாளில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு இறங்கியது.

சுருக்.

“பொய் சொல்றாடா சுண்டு. என் பேர் கெடக்கூடாதுன்னு அவ ஏத்துக்கறா.”

“நிறுத்துக்கா!”

“உன் விரல் நசுங்கினது லிஃப்ட் கதவுலன்னு, அம்மாகிட்ட நாம கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?”

இருமல்.

என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த விரல் வீட்டுக் கதவில் மாட்டியது என்றுதான் அவளும் அம்மாவும் கேள்விப்பட்டிருந்தார்கள். தம்பி தன் இடது கையைத் தூக்கிக் கோணலான சுண்டு விரலைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏழு வயசுல…” என்றான். “எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.”

“சுண்டு, இங்க பாரு. அது என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்ற பொய். நான் சொல்றதுதான்…”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தொண்டையைப் பார்த்தான். மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“அப்பா,” என்றான். “அன்னிக்கு மூணு தடவை கூப்பிட்டீங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்ப்பா.”

சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் நாற்பதை நோக்கி ஊர்ந்தது. அவன் அசையாமல் காத்திருந்தான்.

சுருக்.

“அது உனக்கில்லடா. கை தவறி அழுத்திட்டேன். கண்ணாடி போடாம போனைத் தொட்டா அப்படித்தான்.”

தம்பி வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். தோள்கள் தளர்ந்தன. கடலைத் தாண்டி வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

“அதுவும் பொய்” என்றாள் அவள். “உன்னைத்தான் கூப்பிட்டார். நான் பாத்தேன்.”

அவன் காதில் விழவில்லை.

போனில் டெக்னீசியன் குறுக்கிட்டான். “சார், நான் இதை இப்பவே நிறுத்திடறேன்.”

“நிறுத்தாதீங்க!” என்று தம்பி கத்தினான். “ஓடட்டும். நாளைக்குக் காலையில நானே வந்து வாங்கிக்கறேன். யாரும் அதைத் தொடக்கூடாது.” போனை அணைத்தான்.

“சுண்டு, வேண்டாம்டா. நான்தான் கொன்னேன். போலீஸைக் கூப்பிடு. நான்தான்…”

“சும்மா இருக்கா.”

“நான்தான்டா…”

“நீ பேசினா அவர் வர்றது தெரிய மாட்டேங்குது.”

கோபமே இல்லை அவனிடம். இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். ஒரு கையால் அவள் பின்மண்டையைத் தாங்கினான். மறு கையை விரித்து அவள் வாய்மேல் வைத்தான். மெதுவாகத்தான். பிறகு அழுத்தி.

அவள் மூக்கால் மூச்சு விட்டாள். அவன் உள்ளங்கை உப்புக் கரித்தது. அவள் உதடுகள் அதற்கு அடியில் நான்தான், நான்தான் என்று அசைந்துகொண்டே இருந்தன. அவன் கண்கள் சுவர்க் கடிகாரத்தில் இருந்தன. முகத்தில் ஏழு வயதுப் பையனின் புன்னகை. முப்பது நொடி. முப்பத்தைந்து.

நாற்பதில் கையை எடுத்தான்.